ஓசோனும் கம்பி மத்தாப்பும்

மல்லாங்கிணறு டீக்கடையில், பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் தம்பி கேட்டார்: "அண்ணாச்சி, நாம செய்யுற வெடிப் புகைதான் ஓசோன்ல ஓட்டை போடுதாமே, நெசமா?"

இல்லை. அதை விளக்க அண்டார்க்டிகா வரை போய்வர வேண்டும். டீ ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள் என்றேன்.

அங்கே 1989 முதல் நம் மைத்ரி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பலூன் விடுவார்கள். அடியில் தொங்கும் பெட்டிக்குள் ஒரு குட்டிப் பம்பு, வெளிக்காற்றை இழுத்துப் பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் குமிழியாக விடும். ஓசோன் பட்டால் அயோடின் பிரிந்து துளி மின்சாரம் ஓடும். ஓசோன் எவ்வளவோ, மின்சாரமும் அவ்வளவு. சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடிக்கிற வரைக்கும் ரேடியோ அந்தக் கணக்கைக் கீழே சொல்லிக்கொண்டிருக்கும். இந்தக் கருவியை 1960களில் இந்தியாவிலேயே உருவாக்க முன்நின்றவர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மணி.

தரையில் நின்றே சூரிய ஒளியை வைத்து அளக்கும் டாப்சன் கருவியும் உண்டு. அண்டார்க்டிகாவிலேயே உள்ள பிரிட்டனின் ஹாலி நிலையத்தில் அதை வைத்துத்தான் 1985இல் ஓசோன் குறைவைச் சொன்னார்கள். ஆனால் துருவத்துக் குளிர்காலத்தில் சூரியனே வராதே! அப்போது பலூன்தான் கதி.

தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைக்கு இறக்கிப் பரப்பினால் கனம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அது 2.2க்குக் கீழே போனால் 'ஓட்டை' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. வேட்டி நைவதுபோல நைவுதான் அது. செப்டம்பர், அக்டோபரில் 15 முதல் 20 கிலோமீட்டர் உயரத்தில்தான் நைவு அதிகம்.

"அப்ப யாரு செஞ்சது?"

பழைய ஃபிரிட்ஜில் அடைத்த வாயு. அது மழையில் கரையாது. அதனால் மேலே போய்ச் சேர்ந்துவிடும். அங்கே புற ஊதாக் கதிர் அதை உடைக்க, குளோரின் பிரியும். மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே உறையும் துருவ மேகத்தில் அந்தக் குளோரின் வேலைக்குத் தயாராகும். வசந்தத்தில் வெயில் வந்ததும் ஓசோனைத் தின்னத் தொடங்கும். வெடிப்புகையின் உப்புகள் அப்படியல்ல, மழையோடு மழையாய் மண்ணுக்கே வந்துவிடும்.

இன்னொரு கூத்தும் உண்டு. கம்பி மத்தாப்பின் வெளிச்சமே ஆக்சிஜனிலிருந்து ஓசோனை உண்டாக்குகிறது என்று டெல்லி ஆய்வாளர்கள் 2001இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

தம்பிக்கு முகம் மலர்ந்தது. "அப்ப ஓட்டைய நாமளே அடைச்சிரலாம்ல?"

அந்த ஓசோன் அவ்வளவு உயரம் ஏறுவதில்லை, தம்பி. தெருவிலேயே நின்று, மத்தாப்பு பிடிக்கிற பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும்.