எங்க லாரிக்கு அலுமினிய ரேடியேட்டர் போட்ட கதை



போன தடவை நான் கோலம் பத்தி எழுதினேன். இந்தத் தடவை லாரி. பசங்க சிரிக்காதீங்க, லாரி பசங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை.

எங்க அப்பா நாமக்கல்லில் இருந்து பெங்களூருக்கு முட்டை லோடு ஏத்திப் போறவர். எங்களுடையது பழைய லாரி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அப்பா கிளம்பும் நாளில் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துறது என் வேலை. வீட்டு போர் தண்ணியை ஒரு குடத்தில் பிடிச்சு, பம்பர் மேல ஏறி நின்னு ஊத்துவேன். ஆறாம் வகுப்பில் இருந்தே இதைப் பெருமையாகச் செய்து வந்தேன்.

2024 ஏப்ரலில் தொப்பூர் மேட்டில் ஏறும்போது வண்டி சூடாகி, முன்னால் ஆவி வந்திருக்கு. அப்பா ஓரம் கட்டிட்டு, லோடு நேரத்துக்குப் போகணுமேங்கிற அவசரத்துல, துணியைப் பிடிச்சு மூடியைத் திருகிட்டார். கொதி தண்ணி பீறிட்டு அடிச்சு வலது கை முழங்கை வரை வெந்துபோச்சு. பக்கத்துக் கடைக்காரர் பல் பேஸ்ட் தடவி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா அதுக்குத்தான் முதல்ல திட்டினாங்களாம். வெந்த இடத்தைக் குழாய்த் தண்ணியில் 20 நிமிஷம் காட்டணும், வேற எதையும் தடவக் கூடாது. அப்பா ஒரு மாசம் வீட்டில் இருந்தார். வண்டியும் நின்னுது, வட்டி மட்டும் நிக்கலை.

மூடியைத் திறந்ததும் தண்ணி ஏன் அப்படி அடிக்குதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. சாதாரணமாத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கு. அது உள்ளே அழுத்தத்தை வெளியே போக விடாமல் பிடிச்சு வைக்கும். அழுத்தம் கூடினா கொதிநிலையும் கூடும். வெளிக்காற்றைப் போல ரெண்டு மடங்கு அழுத்தம் இருந்தா 120 டிகிரி வரைக்கும் தண்ணி கொதிக்காது. குக்கர் மாதிரியேதான். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போயிடும், 100-க்கு மேல சூடா இருக்கிற தண்ணி அந்த நொடியிலேயே ஆவியாகிப் பொங்கும். குக்கரை விசிலோட திறக்க நம்ம அம்மா விடுவாங்களா?

இப்போ ரேடியேட்டர் என்ன செய்யுதுன்னு பார்ப்போம். (பக்கத்துல இருக்கும் படம் நான் வரைஞ்சது. சிவப்பு அம்பு சூடான தண்ணீர், நீல அம்பு ஆறின தண்ணீர்.) என்ஜினைச் சுத்தி ஓடும் தண்ணி சூட்டை வாங்கிக்கிட்டு மேல் ஹோஸ் வழியா ரேடியேட்டருக்கு வரும். அங்கே சின்னச் சின்னத் தட்டைக் குழாய்கள் வழியா இறங்கும். குழாய்களுக்கு நடுவில் மடிச்சு மடிச்சு மெல்லிய தகடு வெச்சிருப்பாங்க. ஃபேன் இழுக்கும் காத்து அந்தத் தகட்டில் பட்டுச் சூட்டை எடுத்துட்டுப் போகும். ஆறின தண்ணி கீழ் ஹோஸ் வழியா என்ஜினுக்குத் திரும்பும்.

எங்க பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் கலந்து செஞ்சது. பட்டறையில் மேல் டேங்கைக் கழட்டிப் பார்த்தப்போ நானும் கூட இருந்தேன். பாதிக்கு மேல் குழாய்கள் வெள்ளையா உப்பு கட்டி அடைச்சிருந்தது. எங்க வீட்டு வெந்நீர் அண்டாவின் அடியில் இருக்குமே, அதே பொருக்கு. மெக்கானிக் மாமா, "ஏனுங்கண்ணா, இதுல என்ன தண்ணி ஊத்துனீங்க?"ன்னு கேட்டார். அப்பா என்னைப் பார்க்கலை, ரோட்டைப் பார்த்துக்கிட்டு, "கெடச்ச தண்ணிதான்"னு சொன்னார். ஊத்தினது நான்தானே. கடின நீரைச் சூடாக்கினா உப்பு படியும்னு பாடத்தில் படிச்சு, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கேன். குடம் தூக்கும்போது அது ஞாபகம் வரவே இல்லை.

பழசைக் கம்பி விட்டுக் குத்தி, ஈயம் வெச்சுப் பத்த வைக்கலாம். ஆனா ஏற்கனவே மூணு தடவை அப்படிச் செஞ்சாச்சு. புதுசாச் செம்பிலேயே வாங்க விலை அதிகம். அதனால வெளி மார்க்கெட் அலுமினிய ரேடியேட்டர் போடலாம்னு மாமா சொன்னார். வெளி மார்க்கெட்டுன்னா டூப்ளிகேட் இல்லை. வண்டி செஞ்ச கம்பெனி இல்லாம, வேற கம்பெனி அதே அளவில் தன் பெயரிலேயே செஞ்சு விக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. செம்பு 100 பங்கு வெப்பத்தைக் கடத்தினா அலுமினியம் 60 பங்குதான் கடத்தும். அப்போ நமக்கு நஷ்டம்தானே? அப்படி இல்லையாம். தாமதம் உலோகத்துல இல்லை, தகட்டில் இருந்து காத்துக்குச் சூடு போகுற இடத்துலதான். அதோட, செம்பு ரேடியேட்டரில் குழாயையும் தகட்டையும் ஒட்ட வைக்கிற ஈயம் வெப்பத்தை ரொம்பக் குறைவாத்தான் கடத்தும். அலுமினியத்தில் அந்த ஈயமே கிடையாது, அலுமினியக் கலவையாலேயே உலையில் வெச்சு இணைப்பாங்க. எடையும் குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் செம்பு 8.96 கிராம், அலுமினியம் 2.7 கிராம். புது ரேடியேட்டரை நானே தூக்கி நிறுத்தினேன்!

அப்பாவுக்கு வேற கவலை. "வழியில ஓட்டை விழுந்தா யாரு பத்த வைப்பாங்க?" அது நியாயமான கேள்விதான். அலுமினியத்தின் மேல் எப்பவும் ஒரு ஆக்சைடு படலம் இருக்கும், அதனால சாதா ஈயம் அதில் ஒட்டாது. எல்லா ஊர்ப் பட்டறையிலும் அதுக்கு வெல்டிங் கிடையாது. இதுக்கு மாமாவிடமும் முழுசாப் பதில் இல்லை. ஓட்டை விழாமப் பாத்துக்கணும்னு மட்டும் சொன்னார். பழசைச் செம்பு விலைக்கு எடை போட்டு எடுத்துக்கிட்டு, மீதிப் பணத்துக்குத் தவணை கொடுத்தார். அப்பா சரின்னுட்டார்.

மாத்துறதுக்கு ஒரு முழு நாள் ஆச்சு. என்ஜின் நல்லா ஆறின பிறகுதான் கை வெச்சாங்க. பழைய தண்ணியை வடிச்சு, ஹோஸையும் ஃபேன் கூண்டையும் கழட்டினாங்க. உடனே புதுசை மாட்டிடலாம்னு அப்பா அவசரப்பட்டார். மாமா விடலை. என்ஜினுக்குள்ளே ஓஸ் தண்ணி விட்டு, தெளிவா வர்ற வரைக்கும் அலசினார். காப்பி நிறத்தில் துருவும் உப்பும் வந்துகிட்டே இருந்தது. இதை அலசாம விட்டா புது ரேடியேட்டரும் அடைச்சிருக்கும். தாங்கும் போல்ட் ஓட்டை கொஞ்சம் தள்ளி இருந்தது. தட்டிப் பொருத்தாமல், இரும்புப் பட்டையில் ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிசாக்கினார். அலுமினியத்தை நெருக்கினா விரிசல் விடுமாம். அடியில் புது ரப்பர் வெச்சார்.

கடைசியில் நான் பழக்கதோஷத்தில் குடத்தை எடுத்துட்டு வந்தேன். "கண்ணு, அதைக் கீழ வை"ன்னார் மாமா. போர் தண்ணியில் இருக்கும் குளோரைடு உப்பு, அலுமினியத்தைக் காக்கிற அந்தப் படலத்தைத் துளைச்சு ஊசி ஓட்டை போடும். செம்பு அடைச்சுக்கும், அலுமினியம் அரிச்சுப் போகும். அதனால கூலன்டும் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டரும் சரி பாதி கலந்து மெதுவா ஊத்தினார். மூடி போடாமல் என்ஜினை ஓட விட்டோம். 80 டிகிரி பக்கம் போனதும் தெர்மோஸ்டாட் திறந்து, மேல் ஹோஸ் சூடாச்சு, காத்துக் குமிழ் எல்லாம் வெளியே வந்து மட்டம் இறங்கிச்சு. மறுபடி நிரப்பி மூடி போட்டார்.

ஒண்ணு முக்கியம். கூலன்ட் இனிப்பா இருக்கும், ஆனா விஷம். லாரி நிக்கும் வீட்டில் ஆடு, நாய், சின்னக் குழந்தை இருந்தா, சிந்தினதை உடனே கழுவி விடுங்க. பழைய கூலன்டைத் திறந்த பக்கெட்டில் வைக்காதீங்க.

இப்போ லாரியில் கலந்த கூலன்ட் ஒரு கேன் எப்பவும் இருக்கும். போன மாசம் ஹோஸ் கிளிப் தளர்ந்து கேன் தீர்ந்துபோச்சுன்னு ராத்திரி அப்பா போன் பண்ணினார். பக்கத்தில் போர் தண்ணிதான் இருக்கு, என்ன செய்யலாம்னு என்கிட்ட கேட்டார். மாமாவிடம் கேட்டுத் திருப்பிச் சொன்னேன்: தண்ணி இல்லாமல் ஓட்டினா என்ஜினே போயிடும், ஆறினதும் அதையே ஊத்தி வாங்க, வந்ததும் முழுசா வடிச்சு அலசிடலாம்னு. விடிகாலை வண்டி வந்தது. அன்னைக்கு ஓஸ் பிடிச்சு அலசினது நான்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி