கர்ணனுக்கு ஊக்கு வேண்டுமாம்!

கூத்தை எல்லாரும் முன்னால் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பாவம் அவர்கள்! செமஸ்டர் லீவுக்குச் செய்யாறு பக்கம் ஆயா ஊருக்கு வந்த நான், பகலெல்லாம் ரீல்ஸ், மாங்காய், மறுபடி தூக்கம் என்று கிடந்துவிட்டு, ராத்திரி திரௌபதியம்மன் கோயில் கூத்துக் கொட்டகைக்குள் பின்பக்கமாக நுழைந்துவிட்டேன். ஜமா என்கிற கூத்துக் குழுவின் வாத்தியார் முறைத்தார். "ஓரமா குந்து பாப்பா. கட்டையை மட்டும் மிதிச்சிடாத" என்றார். அது போதாதா எனக்கு!

கட்டை என்றால் கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம். எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. லேசான மரம், இல்லாவிட்டால் விடிய விடிய அதைச் சுமந்துகொண்டு யார் சுழன்றாடுவது? ஒற்றை பல்பின் கீழே ஆளுக்கொரு கைக்கண்ணாடி. ஒப்பனைக்காரர் என்று தனியாக எவரும் இல்லை, அவரவர் முகம் அவரவர் பாடு. எண்ணெயில் குழைத்த அரிதாரம், அதன்மேல் ஈர்க்குச்சியால் முத்துவெள்ளைப் புள்ளிகள். பச்சை ஏற ஏற, எதிரே சாதுவாக உட்கார்ந்திருந்தவர் கண்ணெதிரே கிருஷ்ணராகிக்கொண்டிருந்தார். பகலில் கொத்தனாராம்!

அன்று கர்ண மோட்சம். கர்ணன் பெண்டாட்டி பொன்னுருவியாக வேஷம் கட்டுகிறவர் புடவையைச் சுற்றி முடித்து, ஜடையைத் தோளுக்கு முன்னால் போட்டு, போனை எடுத்து வீட்டுக்காரம்மாவை அதட்டினார்: "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா இல்லியா?" நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்த நிமிடம் கர்ணன் திரும்பினார். "ஊக்கு இருக்கா பாப்பா?"

இந்தக் குரல் தெரிந்த குரலாச்சே! போன வாரம் என் சுடிதாரைப் பிடித்துக் கொடுத்த கடைத்தெரு டைலர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'வியாழக்கிழமை வாங்க' என்று முணுமுணுத்த மனிதர். துப்பட்டாவிலிருந்த ஊக்கைக் கழற்றி அங்க தேசத்து ராஜாவுக்குக் கொடுத்தேன். என் வாழ்நாள் சாதனை.

பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும்தான் பாரதக் கூத்து ஜோர். தாம்பூலம் வாங்கிய ஊரெல்லாம் சுற்றுவார்கள். மற்ற மாதங்களில் தையல், மேஸ்திரி வேலை, ஆட்டோ. புரிசை கண்ணப்ப தம்பிரான் போலப் பேர் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். "பொண்ணுங்க கட்டை கட்டலாமா?" என்று கேட்டு வைத்தேன். வாத்தியார் சிரித்துவிட்டு, காஞ்சிபுரம் பக்கம் போய்ப் பாரு என்றார். கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபால் முன்னின்று 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் அங்கேதான். அவர்கள் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் படித்து ஆடியிருக்கிறார்கள். எனக்கு உடனே கால் பரபரத்தது.

திரௌபதி துகிலுரியும் கூத்து நடக்கும் ராத்திரியைப் பற்றியும் அவரே சொன்னார். துச்சாதனன் வேஷக்காரர் புடவையில் கை வைக்குமுன் ஆட்டத்தை நிறுத்தி, திரௌபதிக்குக் கற்பூரம் காட்டி, 'தாயே மன்னிச்சிடு' என்று கும்பிட்டுவிட்டுத்தான் உருவுவாராம். திரௌபதியும் ஆம்பளைதானே என்று நான் இழுத்தேன். "அன்னிக்கு அது அம்மன்" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். மேற்கொண்டு பேச்சில்லை.

களரி கட்டி மத்தளம் அதிர ஆரம்பித்தது. இரண்டு பையன்கள் திரையைப் பிடித்தார்கள். முன்னாலிருப்பவர்களுக்குக் கிரீடத்தின் நுனியும் சலங்கைக் காலும்தான் தெரியும். எனக்கோ முழுக் கர்ணனும்! முதுகில் என் ஊக்கு. தோளை ஒரு உலுக்கு உலுக்கி விருத்தத்தை எடுத்தார் பாருங்கள், கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. இத்தனை பெரிய தொண்டையை அந்த மனுஷர் அளவு டேப்புக்குப் பின்னால் எப்படித்தான் ஒளித்து வைத்திருந்தாரோ! இனிமேல் ரேஷன் கடைக்காரர், கண்டக்டர், எங்கள் ஹாஸ்டல் வார்டன் என்று ஒருத்தரையும் சந்தேகப்படாமல் விடப்போவதில்லை. வார்டனுக்குத் துரியோதனன் நன்றாகவே பொருந்தும்.

கர்ணன் போருக்கு விடைகேட்கும் கட்டத்தில் முன்பக்கம் ஓடிவந்து ஆயா பாயில் விழுந்தேன். ஊரே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, பள்ளிக்கூடத்தையே பார்க்காத எங்கள் ஆயாவின் உதடு பொன்னுருவிக்கு அரை அடி முன்னால் அசைந்துகொண்டிருந்தது.

"ஆயா! உனக்கு இது முழுக்கத் தெரியுமா?"

"சும்மா இரு. அவன் ரெண்டடி முழுங்கிட்டான்" என்றவள், ஆர்மோனியக்காரருக்குக் கேட்கும்படியாகவே அந்த ரெண்டடியையும் பாடினாள்.