ஆள் அனுப்பவில்லை, அவரே வந்தார்



பெருவிழா நாள்களில் மறையுரை முடிந்ததும் எழுந்து நின்று நீண்ட நம்பிக்கை அறிக்கையைச் சொல்கிறோம். அதில் இயேசுவைத் தந்தையோடு 'ஒரே பொருளானவர்' என்று அறிக்கையிடுகிறோம். சிறுவயது முதல் நாவில் பழகிய சொல் அது. ஆனால் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "பொருள் என்றால் சாமான்தானே, ஃபாதர்?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? இந்த ஒரு சொல்லுக்காகத் தொடக்கத் திருஅவை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடியது. ஏன் என்று இன்று சிந்திப்போம்.

தொடக்கக் கிறிஸ்தவர்கள் இரண்டு உண்மைகளைக் கைவிடாமல் காத்தார்கள். கடவுள் ஒருவரே என்பது இஸ்ரயேல் மக்கள் வழியாக அவர்கள் பெற்ற நம்பிக்கை. இயேசு ஆண்டவர் என்பது அவர்களுடைய செபத்திலும் திருமுழுக்கிலும் வேரூன்றிய நம்பிக்கை. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்? ஏறக்குறைய கி.பி. 200-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், ஊற்று, ஆறு, வாய்க்கால் என்று ஓர் உவமை சொன்னார். பெயர்கள் மூன்று, ஓடுவது ஒரே நீர். உப்பளத்தில் பாடுபடும் நமக்கு இது எளிதில் விளங்கும். வாய்க்காலில் வருவதும் பாத்தியில் நிற்பதும் வேறு வேறு தண்ணீர் அல்லவே! எந்த உவமையும் கடவுளை முழுவதும் அளந்துவிடாது. வழியை மட்டும் காட்டும்.

நூறு ஆண்டுகளுக்குப் பின், எகிப்தின் துறைமுக நகரான அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு வேறுவிதமாகப் போதித்தார். மகன் எல்லாவற்றுக்கும் மேலானவர், ஆனாலும் படைக்கப்பட்டவரே என்றார். தந்தை தம்மைவிடப் பெரியவர் என்று இயேசு கூறும் யோவான் 14:28-ஐ அவருடைய தரப்பினர் சான்றாகக் காட்டினர். மாலுமிகளும் மாவு அரைப்போரும் பாடும்படி அவர் தம் கருத்தைப் பாட்டாகவே கட்டினார் என்று பழைய வரலாறு சொல்கிறது. கடவுளின் மேன்மைக்குக் குறை வரக்கூடாது என்பதே அவருடைய கவலை. கடவுள் ஒருவரே, அவர் இந்த மண்ணையும் பசியையும் சாவையும் தொட முடியுமா என்று நினைத்தார்.

அதனால் என்ன கெட்டுப்போனது? மழையில் உப்பளம் மூழ்கினால் மனு எழுதுகிறோம். பெரிய அதிகாரி வராமல், பார்த்துவர ஓர் ஆளை அனுப்பலாம். வந்தவர் நல்லவராக இருக்கலாம். நமக்காகக் கண்ணீரும் விடலாம். ஆனால் முடிவு அவர் கையில் இல்லை. ஆரியுஸ் காட்டிய கடவுள் இப்படி ஆள் அனுப்புகிற கடவுள். அப்படியானால் சிலுவையில் தொங்கியவர் கடவுளால் அனுப்பப்பட்ட ஒரு படைப்பு மட்டுமே. கடவுள் கரையிலேயே நின்றுவிட்டார்.

325-ஆம் ஆண்டு, இன்று துருக்கியில் இஸ்னிக் எனப்படும் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் இதை மறுத்தது. 'ஹோமோஊசியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை அது தேர்ந்துகொண்டது. விவிலியத்தில் இல்லாத சொல் என்பதால் ஆயர்கள் பலர் தயங்கினர். அதைத்தான் நாம் 'ஒரே பொருளானவர்' என்கிறோம். இங்கே பொருள் என்பது சாமானும் அல்ல, பணமும் அல்ல, உள்ளியல்பு. தந்தை ஓர் ஆள், மகன் ஓர் ஆள். இறை இயல்போ ஒன்றே.

அச்சங்கத்துக்குத் திருத்தொண்டராகச் சென்ற புனித அத்தனாசியார், பின்னர் அலெக்சாந்திரியாவின் ஆயராகி, இந்த நம்பிக்கைக்காக ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். ஏறக்குறைய 17 ஆண்டுகள் நாடுகடத்தலில் கழிந்தன. அவருடைய வாதம் எளியது: படைத்தவரால்தான் கெட்டுப்போன படைப்பைப் புதுப்பிக்க முடியும், படைப்பு ஒன்று மற்றொன்றை மீட்க முடியாது. தூய ஆவியாரும் தந்தையோடும் மகனோடும் சேர்த்து ஆராதிக்கப்படுகிறவர் என்று 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் அறிக்கையிட்டது.

எல்லாவற்றையும் கடந்தும் எல்லாவற்றின் உள்ளும் இருப்பவர் என்று 'கடவுள்' என்னும் சொல்லுக்கு விளக்கம் சொல்வது நம்மிடையே வழக்கம். ஆரியுஸ் கடந்திருப்பவரைக் காக்கப்போய், உள்ளிருப்பவரை இழந்தார். நிசேயா இரண்டையும் காத்தது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், கடல் நம் கரைக்குள் புகுந்தபோது, கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்டோம். போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்து நம் ஊர் முகாமில் வாழும் ஈழத்து உறவுகளும் அதே கேள்வியைச் சுமந்து வந்தவர்களே. கடல் ஏன் பொங்கியது, போர் ஏன் வந்தது என்பதற்கு நிசேயா பதில் சொல்லவில்லை. நம் கடவுள் யார் என்று மட்டும் சொல்கிறது: பசித்தவர், அகதியாய் எகிப்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர், இறந்தவர், உயிர்த்தவர். அழுகிற வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் அவரே வந்தார்.

அவர் மனிதரானார் என்று நம்பிக்கை அறிக்கையில் சொல்லும் இடத்தில் நாம் தலைவணங்க வேண்டும் என்பது வழிபாட்டு ஒழுங்கு. கிறிஸ்து பிறப்பு விழாவிலும் மங்கள வார்த்தைத் திருவிழாவிலும் முழந்தாளிடுகிறோம். அடுத்த முறை அந்த இடம் வரும்போது அவசரமின்றி வணங்குவோம். பிறகு, துயரத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் நாமே போவோம். ஆமென்.