குறுஞ் சிக்கிலிட்டு மீன்களின் பூசலும் இனப்பெருக்கமும்

கண்ணாடித் தொட்டிகளில் மீன் வளர்ப்போரிடையே குறுஞ் சிக்கிலிட்டு மீன்களுக்குப் பொல்லாத பெயர் உண்டு. சின்னஞ்சிறு பெண்மீன் தன்னினும் பெரிய ஆணை மூலைக்குத் துரத்திச் செட்டைகளைக் கிழிப்பது உண்மையே. ஆயினும் இதனைக் கொடுங்குணம் எனக் கொள்ளல் பொருந்தாது. இடம் பிடித்துக் காவல் புரியாத மீன் முட்டையிடுவதுமில்லை. ஆதலின் பூசலை முற்றாக ஒழிக்க முயல்வது வீண். அதற்கு எல்லை வகுப்பதே செய்யத்தக்கது.

இவ்வகை மீன்களுள் நன்கு அறியப்பட்டது அப்பிஸ்டோகிராமா ககட்டுவாய்டீஸ் என்பது. 1951ஆம் ஆண்டிலே ஹூடெமான் என்னும் ஒல்லாந்த அறிஞர் இதனை விவரித்துப் பெயரிட்டார். ஆணின் முதுகுச் செட்டையின் முன்முட்கள் ககட்டூக் கிளியின் கொண்டைபோல் நீண்டிருத்தலின் இப்பெயர் பெற்றது. ஆண் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றரும் பெண் 5 சென்ரிமீற்றரும் வளரும்.

பெரு நாட்டின் அமேசன் ஆற்றுப் புறங்களில், ஆழமற்ற நீர்நிலைகளில் உதிர்ந்து கிடக்கும் இலைக்குவியல்களே இதன் உறைவிடம். ஓர் ஆணின் ஆட்சி எல்லைக்குள் பெண்கள் பல, தத்தமக்கெனச் சிற்றிடம் வகுத்து வாழும். பெண் சிறு பொந்தின் உட்கூரையிலே முட்டைகளை ஒட்டுகின்றது. அக்கணம் தொட்டு அதன் உடல் ஒளிர்மஞ்சளாகிக் கருங்குறிகள் தோன்றும். அந்நிறம் ஓர் எச்சரிக்கை. முட்டைகளின் தந்தையும் அணுகலாகாது. ஓடையிலாயின் ஆண் விலகிப் போய்விடும். தொட்டியிலோ நாற்புறமும் கண்ணாடிச் சுவர். பூசல் கொலையாய் முடிவது இதனாலேயே.

எனவே தொட்டியின் ஆழத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். ஓரிணைக்கு 60 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். பெண்கள் இரண்டு மூன்றாயின் 90க்குக் குறைதல் ஆகாது. கல், மரவேர், நீர்ச்செடி ஆகியவற்றை ஒன்றின் பார்வையில் மற்றது படாவாறு அமைத்தல் நன்று. பொந்துகள் பெண்களின் தொகையினும் மிகுதியாக இருத்தல் வேண்டும். சிரட்டையின் விளிம்பிலே பெண் மட்டும் நுழையத்தக்க வாயில் வெட்டிக் கவிழ்த்து வைத்தால் அதனினும் சிறந்த பொந்து வேறில்லை. மேல்நீரில் திரியும் சிறுமீன்கள் சிலவற்றை விடுவதும் பயன்தரும்; பெற்றோரின் சினம் அவற்றின்மீது திரும்பும். ஆனால் அவை குஞ்சுகளிற் சிலவற்றைத் தின்னவுங் கூடும். இத்தனைக்குப் பின்னும் பெண்ணின் தாக்குதல் தணியாதாயின், அகற்ற வேண்டியது ஆணையேயன்றிப் பெண்ணையன்று. குஞ்சுகளை நடத்திச் செல்பவள் அவளே.

மென்மையான, சிறிது அமிலத்தன்மை வாய்ந்த நீரில், 26 பாகை செல்சியசு வெப்பத்தில், முட்டைகள் மூன்று நாள் அளவிற் பொரிக்கும். மேலும் சில நாட்களிற் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அப்பொழுது புதிதாய்ப் பொரித்த ஆட்டீமியாக் குஞ்சுகளே ஏற்ற உணவு.

வெப்பம் பற்றி மற்றொன்று. ரோமர், பைசன்ஹேர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் இருவர், அப்பிஸ்டோகிராமா இனங்கள் பலவற்றிலே குஞ்சுகளின் பாலை நீரின் வெப்பமும் தீர்மானிக்கின்றது என 1996ஆம் ஆண்டிலே காட்டினர். வெப்பம் மிகின் ஆண்கள் மிகும். குஞ்சுகள் விரைந்து வளரட்டும் என்று முதல் வாரங்களில் நீரைச் சூடேற்றி வைப்போர், பின்னர் ஆண்களே நிறைந்த தொட்டியிற் பூசல் ஓயவில்லை என்று வருந்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.