சி.ஆர்.சி. எர்ரர் வருகிறதா? கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள்!

பென் டிரைவிலிருந்தோ பழைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தோ பைல்களைக் காப்பி செய்து கொண்டிருப்பீர்கள். பாதியில் வேலை நின்று, "டேட்டா எர்ரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்" என்ற செய்தி திரையில் தோன்றும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை மிரள வைக்கும் செய்தி இது.

எங்கள் ஊர் தேவிபட்டினம். பக்கத்து வீட்டில் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மகளின் கல்யாணப் போட்டோக்கள் இருந்த டிஸ்க்கை எடுத்துக் கொண்டு வந்தார். "தம்பி, படம் இருக்குன்னு பேரெல்லாம் காட்டுது. கேட்டா மட்டும் தர மாட்டேங்குது" என்றார். "கெட்டுப் போனதை நல்லதுன்னு சொல்லி உங்க தலையில கட்ட மாட்டேங்குது அண்ணே, அவ்வளவுதான்" என்றேன். சி.ஆர்.சி.யின் வேலையே இதுதான். அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போமா?

கூட்டினால் போதாதா?

கம்ப்யூட்டரில் உள்ள படம், பாட்டு, கடிதம் எல்லாமே 0, 1 என்ற பிட்கள்தான். டிஸ்க்கில் கீறல், கேபிளில் இரைச்சல், சிக்னலில் குறுக்கீடு என ஏதோ ஒரு காரணத்தால் 0 என்பது 1 ஆகிவிடலாம். வாங்கும் கம்ப்யூட்டர் இதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

12 என்ற எண்ணை அனுப்புவதாக வைத்துக் கொள்ளுங்கள். 1+2=3 என்று கூட்டி, அந்த 3-ஐயும் உடன் அனுப்பலாம். ஆனால் வழியில் எண் 21 என்று மாறினாலும் கூட்டுத்தொகை 3தான். தவறு தப்பித்துவிடும். கூட்டுவதற்குப் பதில் 7-ஆல் வகுத்து மீதியை அனுப்புங்கள். 12-க்கு மீதி 5. 21-க்கு மீதி 0. தவறு உடனே பிடிபடும். ஆனால் 19 என்று மாறினால் மீண்டும் மீதி 5 வந்துவிடும். 7 மிகச் சிறிய எண் என்பதே காரணம். வகுக்கும் எண் பெரிதாக இருந்தால் இந்த ஓட்டை சிறியதாகும்.

சி.ஆர்.சி. என்பது இந்த மீதிக் கணக்குதான். ரிடன்டன்சி என்றால் உபரி. செய்தியுடன் உபரியாகச் செல்லும் சில பிட்கள் என்று பொருள். டபிள்யூ. வெஸ்லி பீட்டர்சன், டி.டி. பிரவுன் ஆகிய இருவரும் 1961-ல் வெளியிட்ட கட்டுரை இந்த முறைக்கு அடித்தளம் இட்டது.

பேப்பரில் போட்டுப் பாருங்கள்

இங்கே கழித்தலில் கடன் வாங்குவது கிடையாது. இரண்டு பிட்களும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. செய்தி 1101, வகுக்கும் எண் 1011. மீதிக்கு 3 இடம் வேண்டும் என்பதால் செய்தியின் பின்னால் 3 பூஜ்யம் சேருங்கள்: 1101000.

1101-லிருந்து 1011 போனால் 0110. முதல் 0-ஐ விட்டுவிட்டு அடுத்த பிட்டை இறக்கினால் 1100.
1100-லிருந்து 1011 போனால் 0111. அடுத்த பிட்டை இறக்கினால் 1110.
1110-லிருந்து 1011 போனால் 0101. கடைசி பிட்டை இறக்கினால் 1010.
1010-லிருந்து 1011 போனால் 0001.

மீதி 001. செய்தியுடன் இதை ஒட்டி 1101001 என்று அனுப்புகிறோம். வாங்குபவர் முழுவதையும் 1011-ஆல் வகுத்தால் மீதி 000 வர வேண்டும். வழியில் இரண்டாவது பிட் மாறி 1001001 என்று போய்ச் சேர்ந்தால் மீதி 111 வரும். உடனே செய்தியை ஒதுக்கிவிடலாம்.

ஜிப் பைல்களும் ஈதர்நெட்டும் பயன்படுத்துவது சி.ஆர்.சி.-32. இதில் மீதி 32 பிட். தாறுமாறாக மாறிப்போன ஒரு பைல் தற்செயலாக அதே மீதியைத் தருவதற்கான வாய்ப்பு சுமார் 429 கோடியில் ஒன்று. ஒவ்வொரு பிட்டாக வகுத்தால் நேரமாகும் என்பதால், புரோகிராம் எழுதுபவர்கள் 256 விடைகளை முன்கூட்டியே ஓர் அட்டவணையில் கணக்கிட்டு வைத்து, ஒரே தடவையில் 8 பிட்களை முடித்துவிடுகிறார்கள்.

கடலிலும் இதே கணக்கு

அண்ணனுக்கு இதைச் சொன்னதும், "கடல்ல சேட்டிலைட்டுல வர்ற சேதிக்கும் இது உண்டா?" என்று கேட்டார். உண்டு. 2019 அக்டோபரில் மீனவர்களுக்காக 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் தரும் புயல், அலை, மீன்பிடி இட எச்சரிக்கைகளை ககன் செயற்கைக்கோள் வழியாகப் பெற்று, புளூடூத் மூலம் செல்போனுக்குத் தருவது இது. ககன் அனுப்பும் ஒவ்வொரு செய்தித் துண்டும் 250 பிட். அதில் கடைசி 24 பிட் சி.ஆர்.சி. அடுத்தடுத்து 24 பிட்களுக்குள் எத்தனை மாறியிருந்தாலும் இது கட்டாயம் கண்டுபிடித்துவிடும். நாவிக் சிக்னலின் வடிவமைப்பிலும் 24 பிட் சி.ஆர்.சி.தான்.

பாக் விரிகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான எல்லைக்கோடு 1974-ல் முடிவானது. அதைத் தாண்டினால் கைது, படகு பறிமுதல். அங்கே நிற்பவருக்கு ஓர் எண் தவறாக வருவதைவிட, அந்தச் செய்தி வராமலே இருப்பது மேல். அடுத்த செய்திக்குக் காத்திருக்கலாம். தவறான செய்தியை நம்பிப் போனால் திரும்ப முடியாது.

நீங்களே சோதியுங்கள்

நோட்பேடைத் திறந்து 123456789 என்று டைப் செய்து, என்டர் தட்டாமல் சேவ் செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப் புரோகிராமை நிறுவி, அந்த பைல் மீது ரைட் கிளிக் செய்து, சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ. மெனுவில் சி.ஆர்.சி.-32-ஐத் தேர்ந்தெடுங்கள். சிபிஎப்43926 என்று விடை வரும். ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள், விடை வேறாகிவிடும்.

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். சி.ஆர்.சி. தற்செயலான தவறுகளைத்தான் காட்டும். வேண்டுமென்றே பைலை மாற்றுபவர் அதே மீதி வரும்படியே மாற்றிவிடலாம். அதற்கு எஸ்.எச்.ஏ.-256 வேண்டும். அடுத்து, சி.ஆர்.சி. தவறைக் காட்டுமே தவிரத் திருத்தாது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளில் ஓரளவு திருத்தவும் கூடிய வலுவான முறைகள் உள்ளன. அவற்றாலும் முடியாதபோதுதான் விண்டோஸ் இந்தப் பழைய பெயரில் செய்தி தருகிறது.

எனவே இந்தச் செய்தி வந்தால், அந்த பைலையே திரும்பத் திரும்பக் காப்பி செய்து டிஸ்க்கை வாட்டாதீர்கள். படிக்க முடிகிற மற்ற பைல்களை முதலில் வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். செக்டிஸ்க் போன்ற பழுதுபார்ப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். அண்ணனின் படங்களில் ஆறு தவிர மற்றவை கிடைத்தன. அந்த ஆறில் நான்கு உறவினர் ஒருவரின் செல்போனில் இருந்தன. தாலி கட்டும் படம் அந்த நான்கில் ஒன்று. இன்னொரு இடத்தில் ஒரு காப்பி இருந்ததால்தான் அது பிழைத்தது. உங்கள் படங்களுக்கு இரண்டாவது காப்பி இருக்கிறதா? இன்றே எடுத்து வையுங்கள்.