குணப்படுத்த இயலாதபோது மருத்துவரின் கடமை

'பாலியேட்டிவ்' என்னும் மருத்துவச் சொல்லுக்கு மூலம், மேலாடையைக் குறிக்கும் 'பாலியம்' என்ற இலத்தீன் சொல்லாகும். அரபியர் இச்சிகிச்சையை 'அர்ரிஆயத்துத் தல்தீஃபிய்யா' என வழங்குகின்றனர். அதன் வேர் 'லுத்ஃப்', அதாவது மென்மை. தமிழில் தணிப்புச் சிகிச்சை எனலாம். நோயை அகற்ற இயலாத நிலையிலும் வலி, மூச்சுத்திணறல், மனத்துயர் ஆகியவற்றைத் தணித்து, நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் துணைநிற்பதே அதன் பணி.

உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இச்சிகிச்சை தேவைப்படுவதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே அதைப் பெறுவதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தேவையுடையோருள் பெரும்பாலோர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் வாழ்கின்றனர். பணமின்மையே காரணம் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால், நடுத்தர வருவாய் நாடான இந்தியாவின் அனுபவம் வேறொரு காரணத்தையும் காட்டுகிறது. அது மருத்துவர்களின் மனப்பாங்கு.

நோயை வெல்வதே மருத்துவம் என்று பயின்றவருக்கு மரணம் தோல்வியாகத் தெரிகிறது. எனவேதான், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்" என்ற சொல் எளிதாக வந்துவிடுகிறது. கேரளத்தின் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் தம் இளமைக்கால அனுபவம் ஒன்றைப் பலமுறை கூறியுள்ளார். கடும் வலியுடன் வந்த புற்றுநோயாளி ஒருவருக்கு நரம்பில் ஊசியிட்டு அவர் வலியை நீக்கினார். அடுத்து எப்போது வரவேண்டும் என்று நோயாளி கேட்டார். இனி வரத் தேவையில்லை என்றார் மருத்துவர். தம் நோய் தீராதது என்பதை அப்போதுதான் உணர்ந்த அம்மனிதர், வீடு திரும்பித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வலியைக் கண்ட தாம் மனிதரைக் காணத் தவறியதை மருத்துவர் உணர்ந்தார். நோயாளியிடம் உண்மையை மறைத்து உறவினரிடம் மட்டும் கூறும் நம் வழக்கத்தின் ஆபத்தையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அடுத்த தடை மார்ஃபின் பற்றிய அச்சம். அபினிலிருந்து பெறப்படும் இம்மருந்து நோயாளியை அடிமையாக்கிவிடும், மூச்சை அடக்கி ஆயுளைக் குறைத்துவிடும் என்று மருத்துவர் பலர் அஞ்சினர். வலிக்கேற்ற அளவில், முறையான கண்காணிப்புடன் கொடுக்கும்போது இவ்விரு அபாயங்களும் மிகக் குறைவு என்பதே இத்துறையினரின் அனுபவம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அந்த அச்சத்தைப் பெருக்கியது. கடுந்தண்டனைக்கும் பல்வேறு உரிமங்களுக்கும் அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. 1997க்குள் அதன் மருத்துவப் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. சட்டபூர்வமாக அபின் பயிரிடும் நாட்டின் நிலை இது! 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம முறை எளிதாக்கப்பட்டது. எனினும், மார்ஃபினைக் கையாளப் பயிலாத மருத்துவரின் தயக்கத்தைச் சட்டத் திருத்தம் மட்டும் போக்கிவிடாது.

போதை தரும் பொருள் விலக்கப்பட்டதாயிற்றே என்ற ஐயம் நம்மவர்க்கும் எழக்கூடும். நிர்ப்பந்த நிலையில் விலக்கப்பட்டதும் ஆகுமாகும் என்பது ஃபிக்ஹு கலையின் அறியப்பட்ட விதி. தகுதியுள்ள மருத்துவர் வேறு வழியில்லை எனக் கருதித் தரும் மருந்து இவ்விதிக்குள் அடங்கும்.

மூன்றாவது தடை, இச்சிகிச்சை இறுதி நாட்களுக்கு மட்டுமே உரியது என்னும் கருத்து. நோய் கண்டறியப்பட்ட காலத்திலேயே பிற சிகிச்சைகளுடன் இதையும் தொடங்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ அறிவு. "தணிப்புச் சிகிச்சைக்கு அனுப்புகிறேன்" என்பதைக் கைவிடுதலாகக் கருதும் மருத்துவர், நோயாளியைக் காலந்தாழ்த்தியே அனுப்புகிறார். இடைப்பட்ட மாதங்களின் வேதனையை நோயாளியே சுமக்கிறார்.

இம்மனப்பாங்கு மாறக்கூடியதே என்பதற்குக் கேரளம் சான்று. 1993இல் கோழிக்கோட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ்குமாரும் பிறரும் தொடங்கிய சிறு முயற்சி, பின்னர் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் மலப்புறம் மாவட்டத்தில் மக்கள் இயக்கமாக வளர்ந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்களும் செவிலியரும் வீடுதேடிச் சென்றனர். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையையே வகுத்தது. இங்கு மருத்துவர் பலருள் ஒருவர். நோயாளியின் கையைப் பற்றி அமர்பவரும், அவர் வீட்டு அரிசிப் பானையைக் கவனிப்பவரும் சிகிச்சையில் பங்கேற்கின்றனர்.

நோயாளியை நலம் விசாரித்தலை நம் மார்க்கம் கடமையாக்கியுள்ளது. அக்கடமைக்கு நோய் குணமாகும் என்ற நிபந்தனை இல்லை. மருத்துவரின் கடமைக்கும் அந்த நிபந்தனை இருக்கலாகாது.