டி.எஸ்.எச். நார்மல், ஆனால் ஆள் நார்மல் இல்லை

மாசக்கணக்கில் அசதி. சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து நின்றால் கண்ணைக் கட்டுகிறது. திண்டுக்கல் வெயிலிலும் உடம்பு போர்வை கேட்கிறது. இப்படிப் போகிறவர்களுக்கு முதலில் எழுதப்படும் டெஸ்ட்கள் ஹீமோகுளோபின், சுகர், டி.எஸ்.எச். மூன்றும் நார்மல் என்று வந்துவிட்டால் பெரும்பாலும் கதை அதோடு முடிந்துவிடும். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்பார்கள்.

பலருக்கு அது சரியான பதிலாகவே இருக்கும். ஆனால் டி.எஸ்.எச். நார்மலாக இருந்தும் தைராய்டு ஹார்மோன் குறைந்துபோகிற நிலை ஒன்று உண்டு. நம்ம பக்கத்து மக்களுக்கு அது வருவதற்கு இரண்டு காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. அதைப் பற்றி நான் படித்துச் சேர்த்த குறிப்புகள் இவை.

டி.எஸ்.எச். யாருடைய குரல்?

தைராய்டு பரிசோதனை என்று நாம் சொல்வது பெரும்பாலும் டி.எஸ்.எச். மட்டும்தான். ஆனால் அது தைராய்டு சுரக்கிற ஹார்மோன் அல்ல. மூளைக்கு அடியில் கொண்டைக்கடலை அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. உத்தரவைக் கேட்டு தைராய்டு சுரப்பது டி4. டி4 குறைந்தால் பிட்யூட்டரி இன்னும் சத்தமாக உத்தரவு போடும். அதனால்தான் டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு குறைவு என்கிறோம்.

இந்தக் கணக்கு முழுக்க, உத்தரவு போடுகிற பிட்யூட்டரி நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அதுவே பழுதாகிவிட்டால்? டி4 தரைதட்டினாலும் டி.எஸ்.எச். ஏறாது. ரிப்போர்ட்டில் 2.1 என்று அழகாக இருக்கும், பக்கத்தில் நார்மல் என்றும் இருக்கும்.

ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்:

- டி.எஸ்.எச். அதிகம், ஃப்ரீ டி4 குறைவு: கோளாறு தைராய்டில்.
- டி.எஸ்.எச். குறைவு, ஃப்ரீ டி4 அதிகம்: பெரும்பாலும் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது.
- டி.எஸ்.எச். நார்மல் அல்லது குறைவு, ஃப்ரீ டி4-ம் குறைவு: பிட்யூட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். (கடுமையான காய்ச்சல், ஆஸ்பத்திரிப் படுக்கை போன்ற சமயங்களிலும் இப்படி வரும். உடம்பு தேறியபின் திரும்பப் பார்க்க வேண்டும்.)

கண்ணாடி விரியனும் பிரசவமும்

நிலக்கோட்டைப் பக்கம் இருட்டு விலகும் முன்பே பூப்பறிக்கப் போகிறவர்கள், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கம் ராத்திரி மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள், இவர்களுக்குக் கண்ணாடி விரியனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் விஷம் ரத்த உறைதலைக் குலைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் பலருக்குத் தெரியும். பிட்யூட்டரியையும் அது சிதைக்கலாம் என்பது அவ்வளவாகத் தெரியாது. சின்ன ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைவதாலும் கசிவதாலும் அந்தக் கடலை அளவு சுரப்பிக்கு ரத்தம் போகாமல் அதன் திசு மடிகிறது.

பர்மாவில் கண்ணாடி விரியன் இனப் பாம்பு கடித்தவர்களிடம் இதைக் கண்டு 1987-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். தென்னிந்தியாவிலிருந்தும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். இலங்கையின் முதல் பதிவு 2011-ல் வந்தது. கடிபட்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. வருகிறவர்களில் சிலருக்கு உடனே தெரியும், சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் பாம்பு கடித்த கதையை வீட்டிலேயே மறந்திருப்பார்கள்.

இரண்டாவது காரணம் பிரசவத்தின்போது ஏற்படும் கடும் ரத்தப்போக்கு. கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருத்திருக்கும், அதற்கு ரத்தமும் அதிகம் தேவை. அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்தால் முதலில் அடிவாங்குவது அது. ஹரால்ட் ஷீஹன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1937-ல் இதை விவரித்தார், அவர் பெயரிலேயே ஷீஹன் நோய்க்குறி என்கிறார்கள். காஷ்மீரில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று, அங்கே 20 வயதைக் கடந்த பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கணித்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டில் பிரசவித்தவர்கள்.

அடையாளங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். பிரசவத்துக்குப் பின் பால் சுரக்கவில்லை, மாதவிடாய் திரும்ப வரவில்லை, அக்குள் முடி உதிர்கிறது. ஆண்களுக்கு வாரம் மூன்று முறை செய்த ஷேவிங் மாசத்துக்கு ஒன்றாகிறது. ரத்தத்தில் சோடியம் அடிக்கடி குறைகிறது.

கார்டிசால்: உயிர் இங்கேதான்

பிட்யூட்டரி பழுதானால் தைராய்டோடு நிற்காது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போகும் ஏ.சி.டி.எச். உத்தரவும் நின்றுபோகலாம். அப்போது கார்டிசால் குறையும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப்பிடிப்பது கார்டிசால்தான். சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால்கூட இவர்கள் அப்படியே சரிந்துவிடலாம்.

கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. விடிகாலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். அதனால் காலை 8 மணி வாக்கில் எடுத்தால்தான் அர்த்தம். சாயங்காலம் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துக் குறைவு என்று பதற வேண்டாம். காலை அளவு டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பற்றாக்குறை ஏறக்குறைய நிச்சயம். 18-க்கு மேலே என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. நடுவில் வந்தால், ஊசி போட்டு அட்ரினல் எப்படி எழும்புகிறது என்று பார்க்கும் சோதனை தேவை. சில லேப்கள் நானோமோல் கணக்கில் தருவார்கள், அதை 27.6-ஆல் வகுத்தால் மைக்ரோகிராம் வரும்.

இங்கேயும் ஜோடிக் கணக்குதான். கார்டிசால் குறைந்து ஏ.சி.டி.எச். ஏறியிருந்தால் கோளாறு அட்ரினலில். தாமஸ் அடிசன் 1855-ல் எழுதிய நோய் அது. நம் நாட்டில் அதற்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். தோல் கறுக்கும், உப்புக்கு நாக்கு ஏங்கும். இரண்டுமே குறைவென்றால் சந்தேகம் பிட்யூட்டரி மேல். இதில் தோல் கறுக்காது, வெளிறும்.

ஒரு எச்சரிக்கை. கார்டிசாலும் குறைவாக இருப்பவருக்கு, அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையை மட்டும் ஆரம்பித்தால், மிச்சமிருக்கும் கார்டிசாலும் சீக்கிரம் செலவாகி உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ஸ்டீராய்டு, பிறகு தைராய்டு மாத்திரை என்பதே வரிசை.

ரிப்போர்ட் பொய் சொல்லும் இடங்கள்

மூட்டுவலிக்குப் பெயர் தெரியாத பொடியோ மாத்திரையோ சாப்பிட்டு வந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முட்டியில் போட்ட ஊசியும் அதுவாக இருக்கலாம். கார்டிசால் குறைவதற்கு அதுவே காரணமாகலாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் திடீரென நிறுத்திவிடாதீர்கள். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில லேப் முறைகளில் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டு இரண்டு நாளாவது நிறுத்தி எடுப்பது நல்லது.

நார்மல் என்ற சொல்லும் ஆளைப் பொறுத்தது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எஃப்.எஸ்.எச். தானாகவே ஏறியிருக்க வேண்டும். அவருக்கு அது இளம்பெண்ணின் அளவில் வந்தால், பிட்யூட்டரி உத்தரவு போடவில்லை என்பதற்கு அது ஒரு தடயம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நார்மல் எல்லை என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் அளவு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், நல்ல உடம்புக்காரருக்கும் ஒன்றாவது எல்லை தாண்டி வர 64 சதவீதம் வாய்ப்பு. எல்லா ஹார்மோனையும் மொத்தமாக எடுப்பது தேடலும் ஆகாது, சிக்கனமும் ஆகாது.

சரி, என்ன பண்றது?

அசதி மாசக்கணக்கில் போனால், டாக்டரிடம் போகும்முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எப்போதாவது பாம்பு கடித்ததா, பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா, பால் சுரந்ததா, தலையில் அடிபட்டதா, காசநோய் இருந்ததா, என்னென்ன மாத்திரை, பொடி, ஊசி. இதில் ஒன்றுக்காவது ஆம் என்றால், "டி.எஸ்.எச். கூட ஃப்ரீ டி4, காலை 8 மணி கார்டிசால், சோடியம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஜோடி பொருந்தவில்லை என்றால் மதுரைக்குப் போயாவது எண்டோகிரைனாலஜிஸ்ட்டைப் பாருங்கள். வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது என்று இருந்தால் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். பழைய பாம்புக்கடியை அங்கேயும் சொல்லுங்கள்.